போன் வராவிட்டால் நல்ல தண்ணீர்

ஜூன் 12, வியாழன்

முதல்வர் ஹேமலதா இன்று தன் அறைக்கு அழைத்து டீ கொடுத்தார். இந்தக் கல்லூரியில் எனக்கு யாராவது டீ கொடுத்தால் பின்னால் ஒரு வேலை வரும். வந்தது.

டிசம்பருக்குள் ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு ஆராய்ச்சிக் கூடத்துக்கும் நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டுமாம். செயல்திறன் குறியீடுகள் என்று சென்னையிலிருந்து ஒரு ஆலோசனை நிறுவனம் அட்டவணை தயாரித்துக் கொடுத்திருக்கிறது. எத்தனை கட்டுரை, எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள், எத்தனை காப்புரிமை, வெளியிலிருந்து எவ்வளவு திட்ட நிதி, எத்தனை முனைவர் பட்டம். நாற்பதுக்குக் கீழே போகும் ஆராய்ச்சிக் கூடங்களை மூடிவிட்டு, அந்த அறைகளைத் தாளாளர் ஆசைப்படும் புதிய கணினிப் பிரிவுக்குக் கொடுப்பார்கள்.

"நீங்க யாருக்கும் வளைஞ்சு குடுக்க மாட்டீங்க தில்லை சார். அதான் உங்களப் போட்டேன்" என்றார் முதல்வர்.

வளைந்து கொடுத்திருந்தால் ஆறு வருடத்துக்கு முன்பே நான் ஆராய்ச்சித் துறை டீன் ஆகியிருப்பேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது. குடித்தேன்.

பட்டியலின் கடைசியில் மாதையனின் தண்ணீர் லேப் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி என்றே எழுதுகிறேன். நாட்குறிப்பில் பொய் எழுதுவதில்லை.

வரும் வழியில் மிக்ஸிக்கு பிளேடு மாற்றினேன்.

ஜூன் 13, வெள்ளி

மாதையன் வேதியியல், நான் கணிதம். ஒரே நாளில் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். சிதம்பரத்திலிருந்து வந்து தருமபுரியில் யாரையும் தெரியாமல் நின்றவனுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர். பிறகு பக்கத்து ஊரில் பெண்ணும் பார்த்துக் கொடுத்தார். பூங்கொடி அவரை இன்னமும் அண்ணன் என்கிறாள்.

டீன் தேர்வுக் குழுவில் ஆசிரியர்கள் சார்பில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வெளியூரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஆனால் கல்லூரிப் பேருந்தில் மூன்றாவது வரிசை சீட் எங்களுடையது. நான் ஏன் மாற வேண்டும்? தப்பு செய்தவர் மாறட்டும். அவரும் இதையே நினைக்கிறார் போலிருக்கிறது. ஆறு வருடமாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறோம், வருகிறோம்.

பூங்கொடி கொடுத்தனுப்பிய கொள்ளுப் பொடி டப்பாவை இன்று சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். அவர் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். இதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

ஜூன் 24, செவ்வாய்

தண்ணீர் லேப்புக்கு அலுவல்முறையில் போனேன்.

வாசலிலிருந்தே பாட்டில்கள். கலர் சோடா பாட்டில், டெட்டால் பாட்டில், ஒருவர் கூச்சமே இல்லாமல் குவார்ட்டர் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. சில கிணறுகளில் இருக்கும், ஐம்பது அடி தள்ளித் தோண்டினால் இருக்காது. பார்த்தும் குடித்தும் கண்டுபிடிக்க முடியாது. சின்ன வயதிலிருந்து குடித்தால் பல் பழுப்பாகும். போகப் போக முட்டியும் முதுகும் பிடித்துக்கொள்ளும். ஆகவே யார் எங்கே கிணறு வெட்டினாலும் குழாய் இறக்கினாலும் முதல் பாட்டில் மாதையனிடம் வருகிறது.

அறிக்கை எப்படிக் கொடுக்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நேராகக் கேட்க முடியாதே. பாட்டிலோடு நின்ற ஒரு பெரியவரைப் பார்த்துக் கேட்டேன். மாதையனும் அவரைப் பார்த்தே பதில் சொன்னார். "இந்த சாருக்குச் சொல்லுங்கய்யா, நாம எப்படிப் பண்றோம்னு."

பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார். பத்து நாளுக்குள் மாதையனிடமிருந்து போன் வந்தால் தண்ணீர் கெட்டது. அவரே பஸ் ஏறி வந்து, எந்தக் குழாய் குடிக்க, எந்தக் குழாய் துவைக்க என்று பெண்களைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் போவார். போன் வராவிட்டால் நல்ல தண்ணீர். அவ்வளவுதான். "எங்க பக்கம் கைக்கொழந்தைக்கும் தெரியும் சார்."

காகிதத்தில் எதுவும் கிடையாது. கட்டுரை இரண்டு, அதுவும் பழையது. காப்புரிமை இல்லை. நிதி இல்லை. அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த ஒரு பெண்ணும் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

அட்டவணையில் போட்டால் பதினான்கு வந்தது. திரும்பக் கூட்டிப் பார்த்தேன். பதினான்கேதான். மதியச் சாப்பாடு ருசிக்கவில்லை, கத்தரிக்காய் கசப்பு.

ஜூன் 25, புதன்

பூங்கொடியிடம் சொன்னேன். "பதினாலா? அண்ணன் எஸ்எஸ்எல்சி இங்கிலீஷ்ல கூட அவ்ளோ கம்மியா வாங்கலையே" என்றாள்.

சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் பிறந்த ஊர்த் தண்ணீர் அப்படி. கல்யாணப் போட்டோ எதிலும் அவள் பல் தெரியாது. நான் பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான் மூடிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

ஜூலை 3, வியாழன்

அட்டவணையில் கணித ரீதியாக ஒரு குறை இருப்பதைக் கண்டுபிடித்தேன். கட்டுரையும் மேற்கோளும் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குபவை. ஒரே பொருளை இரண்டு முறை எடை போடுகிறார்கள். அதைக் குறைத்து, சமூகப் பயன் என்று புதிதாக ஒன்று சேர்த்து முப்பது மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்று முதல்வருக்கு நீண்ட குறிப்பு எழுதினேன். குறிப்பு சற்றுக் காரமாகவே அமைந்துவிட்டது.

"சமூகப் பயனை எப்படி சார் அளப்பீங்க?" என்றார். "எண்ண முடிஞ்சாதான் குறியீடு. எண்ண முடியலைன்னா அது கட்டுரைப் போட்டி."

நியாயம். பரிசோதித்த தண்ணீர் மாதிரிகளின் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு பாட்டிலுக்கும் புகைப்படம் ஆதாரம் என்று முடிவானது.

இது மாதையனுக்காகச் செய்ததல்ல. அட்டவணை தவறு, திருத்தினேன். வேறு யார் லேப் கடைசியில் இருந்தாலும் திருத்தியிருப்பேன்.

சாயங்காலம் அரியர் கும்பலுக்கு வகுப்பு. இரண்டாம் வருடத்துக்கு வந்தும் தொகைநுண்கணிதத்தில் தேறாத ஜென்மங்கள். இதற்குச் சம்பளமும் இல்லை, அட்டவணையில் இடமும் இல்லை. திட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

பேருந்தில் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

எண்ணிக்கை ஏறவில்லை என்று பதினைந்து நாளுக்கு முன் முதல்வர் கவலைப்பட்டார். நல்ல பெண்மணிதான்; தாளாளர் அவரிடமும் மாதாமாதம் ஒரு எண் கேட்கிறார். நானே ஒரு யோசனை சொன்னேன். பாட்டில் கொண்டுவரும் துறைக்கும் அந்த மதிப்பெண்ணில் பங்கு கொடுங்கள்.

மறுநாளே எல்லாத் துறைக்கும் உத்தரவு போய்விட்டது. மாணவர் தலைக்கு ஒரு பாட்டில். இன்று போய்ப் பார்த்தேன். நடைபாதை முழுவதும் பாட்டில். வழி விட்டுத்தான் நடக்க வேண்டும். மாதையன் நிமிரவேயில்லை. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

வரைபடம் போட்டேன். கோடு அழகாக ஏறுகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

தண்ணீர் லேப் நாற்பத்திரண்டு. தப்பித்தது. முதல்வர் டீயோடு பிஸ்கட்டும் வைத்தார்.

மாதையன் இப்போதெல்லாம் கல்லூரிப் பேருந்தில் வருவதில்லை. வேலை முடிந்து டவுன் பஸ் பிடிக்கிறாராம். சீட் தாராளமாக இருக்கிறது. காலை நீட்டி உட்கார முடிகிறது. பிரேக் போட்டால்தான் ஒரு பக்கமாகச் சரிய வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

பூங்கொடி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, பொடி ஏன் அப்படியே திரும்பி வந்திருக்கிறது என்று கேட்டாள். ஆள் இல்லை என்றேன். "கொண்டுபோய்க் குடுத்தா கால் தேஞ்சிடுமா?" என்றாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

மாதாந்திர எண்ணிக்கைக்காக லேப்பில் இருந்தேன். பதினோரு மணி இருக்கும், பூசாரிக் கொட்டாய் தொடக்கப் பள்ளி ஆசிரியை வந்தார். சகாயமேரி என்று பெயர். அந்த மலையடிவாரக் கிராமத்துக்குக் குழாய்த் தண்ணீர் வருவது அபூர்வம். ஜூலையில் பள்ளிக்குப் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டுக் கைபம்பு வைத்தார்கள். ஒரு பாட்டில் இங்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்று கிழக்கே இன்னொரு கிராமத்துக்குப் போகிறவர், மாதையனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று எட்டிப் பார்த்திருக்கிறார்.

"பத்து நாள் பாத்தோம் சார், நீங்க போன் பண்ணல. அப்பாடான்னு பம்பைத் தொறந்து விட்டுட்டோம். பசங்க இப்ப வீட்டுக்கும் அதுலதான் புடிச்சுட்டுப் போவுது."

மாதையன் எழுந்து நின்றார். நடைபாதைக்குப் போய்க் குனிந்து தேட ஆரம்பித்தார். முன்வரிசைப் பாட்டில்களை எடுத்து எடுத்து ஓரமாக வைத்தார். மாணவர் விடுதிக் குழாய். மறுபடி விடுதிக் குழாய். நூலகத்துக் குளிர்நீர் இயந்திரம். கடையில் வாங்கிச் சீல் கூடப் பிரிக்காத பாட்டில்கள். நானும் குனிந்து தேடினேன். சுவரோரம், கடைசியில், பூசாரிக் கொட்டாய் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய பச்சைப் பாட்டில் கிடைத்தது. புகைப்படம் எடுக்கப்பட்டிருந்தது. எண் கொடுக்கப்பட்டிருந்தது. என் ஜூலைக் கணக்கில் அது சேர்ந்திருந்தது. சோதிக்கப்படவில்லை.

அங்கேயே வைத்து அளந்தார். ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. நான்கைத் தாண்டி நின்றது.

சகாயமேரி டீச்சர் கருவியின் சின்னத் திரையைப் பார்த்தார். பிறகு மாதையனைப் பார்த்தார். "ஆனா நீங்க போன் பண்ணலையே சார்" என்றார். குற்றம் சாட்டும் குரலே இல்லை. ஏதோ போனில்தான் கோளாறு இருக்கும் என்று நம்ப விரும்புகிறவர் போலக் கேட்டார்.

செப்டம்பர் 10, புதன்

விடுப்பு போட்டுவிட்டு பூசாரிக் கொட்டாய் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. பேருந்து நிலையத்தில் மாதையன் நின்றார்; பக்கத்தில் போய் நின்றேன். அவர் இரண்டு டிக்கெட் எடுத்தார்.

பள்ளியில் கைபம்பின் பிடியை டீச்சர் ஏற்கெனவே சேலைத் துணியால் கட்டி வைத்திருந்தார். ஊர்ப் பெண்கள் கூடினார்கள். மாதையன் அவர்களிடம் தவறு தன்னுடையது என்றார். தாமதம் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. ஒன்றரை மாதத்தில் பல் கெட்டுவிடாது, பயப்படாதீர்கள், இன்றோடு நிறுத்துங்கள், அந்தப் பழைய கிணற்றுத் தண்ணீரையே எடுங்கள் என்றார். பழைய கிணறு ஒரு கல் தொலைவு. ஒரு பெண் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு, "இத்தினி நாளா நீ சொல்றதக் கேட்டுத்தானே இருந்தோம்" என்றாள். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் பார்த்திருக்க வேண்டாம்.

திரும்பும் பஸ்ஸில் மாதையன் பேசினான்.

"யாருய்யா உன்னை எண்ணச் சொன்னது?"

எண்ணாவிட்டால் லேப்பை மூடிவிடுவார்கள் என்றேன்.

"மூடட்டும்னுதான ஆறு வருஷமா வேண்டிக்கிட்டிருந்த?"

கொஞ்ச தூரம் போனதும் அவனே மறுபடி ஆரம்பித்தான்.

"நான் போன் பண்ணா ஊர்ல பயப்படுவாங்க. பண்ணலைன்னா தண்ணி குடிப்பாங்க. நான் சும்மா இருக்கறத நம்பி ஒரு ஊரே குடிக்குது தில்லை. அத உன் அட்டவணையில எந்தக் கட்டத்துல போடுவ?"

எந்தக் கட்டமும் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் அவன் இவ்வளவு பேசிய பிறகு எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்குக் குழுவில் எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னேனே."

"என்ன சொன்ன?"

"வேணாம்னு சொன்னேன்."

கண்டக்டர் வந்து டிக்கெட் பார்த்துவிட்டுப் போனார்.

"உன்ன அந்த நாற்காலியில உக்கார வெச்சா என்ன ஆவும்? காலையிலேர்ந்து கட்டம் போடுவ. இப்பப் போடறியே, அது மாதிரி. சாயங்காலம் அந்த அரியர் பசங்களுக்கு எவன் கிளாஸ் எடுப்பான்? நீ திட்டிக்கிட்டே எடுப்ப. ஆனா எடுப்ப. வேற எவனும் எடுக்க மாட்டான். அதத்தான் சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா சண்ட போடுவ. சொல்லலைன்னா பேச மாட்ட. எது சத்தம் கம்மின்னு பாத்தேன்."

நான் அவனை மன்னிக்கவில்லை. என் உத்தியோகத்தை முடிவு செய்ய அவன் யார்? பூங்கொடியிடம் அப்படியே சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, டப்பாவில் பொடியை நிரப்பி வாசலில் என் பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

செப்டம்பர் 13, சனி

காலையிலிருந்து லேப்பில் இருந்தேன். உண்மையான பாட்டில் எது, மதிப்பெண்ணுக்கு வந்த பாட்டில் எது என்று பிரித்தோம். கையெழுத்தைப் பார்த்தே மாதையன் சொல்லிவிடுகிறான். ஊர்க்காரர்கள் பாட்டிலை வாய் வரை நிரப்புவார்கள்; நம் மாணவர்கள் பாதிதான் நிரப்புவார்கள்.

"பெண்கள் விடுதி, இரண்டாம் மாடி, இடது குழாய்" என்று ஒன்று. பக்கத்திலேயே "வலது குழாய்" என்று இன்னொன்று. மாதையன் இரண்டையும் என் கையில் கொடுத்து, "இந்தா, உன் சமூகப் பயன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவனுக்கும்.

ஊர்ப் பாட்டில்களில் வேறு சிலவும் கெட்டதாக இருந்தன. எல்லா ஊரிலும் ஏற்கெனவே குடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவன் போன் செய்யச் செய்ய நான் பட்டியலில் ஊர்ப் பெயரை அடித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும், அவன் பெயர் சொன்னதும் எதிர்முனையில் பேச்சு நின்றுபோனது.

அக்டோபர் 6, திங்கள்

பேருந்தில் இன்று முடிவு செய்தோம். எண்ணிக்கைக் குறியீட்டை எடுத்துவிட வேண்டும்.

"எடுத்தா திரும்பப் பதினாலு" என்றேன்.

"பதினாலுன்னா பதினாலு. எடுத்துடு."

"லேப் போயிடும்யா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம் மெதுவாக, அந்தப் பாட்டில்கள் எல்லாம் வந்து நின்றபோது தனக்கும் ஒரு ஆசை இருந்தது என்றான். இத்தனை வருடத்தில் முதல்முறையாக முதல்வர் லேப்புக்குள் வந்து கைகுலுக்கினாராம். "அதனாலதான் நானும் உடனே நிறுத்துன்னு சொல்லல" என்றான்.

பொடி காரமாக இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றான்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. மாதையன் வீட்டுக்குப் போய் வந்தோம். ஆறு வருடத்துக்குப் பிறகு. அதிரசம் கல் மாதிரி இருந்தது. அதை மட்டும் அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

மதிப்பீட்டுக் கூட்டம். தாளாளர், முதல்வர், சென்னை நிறுவனத்திலிருந்து டை கட்டிய ஒருவர்.

தண்ணீர் லேப், பதினான்கு என்று வாசித்தேன். ஆகஸ்டில் நாற்பத்திரண்டு இருந்ததே என்று தாளாளர் கேட்டார். அந்தக் குறியீட்டை நான்தான் உண்டாக்கினேன், அதனால் ஒரு பள்ளிக்கூடம் ஒன்றரை மாதம் கெட்ட தண்ணீர் குடித்தது, ஆகவே எடுத்துவிட்டேன் என்றேன்.

டை கட்டியவர், அப்படியானால் சோதனைக்கான கால வரம்பை இன்னொரு குறியீடாகச் சேர்க்கலாம் என்றார். சேர்க்கலாம், அப்போது கடினமான கிணறுகளை எடுக்காமல் சுலபமானதை மட்டும் எடுப்பார்கள் என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

"அப்ப எத வெச்சு இந்த லேப்ப நான் வெச்சிருக்கறது? நீங்களே சொல்லுங்க" என்றார் தாளாளர். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே பதில் வேண்டியிருந்தது.

விளக்கினேன்.

சற்று நேரம் விளக்கினேன். முதல்வர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

முடிவு: லேப் மூடப்படும். அறை கணினிப் பிரிவுக்கு. மாதையனுக்கு ஆராய்ச்சிப் பொறுப்பு இனி இல்லை. ஆனால் கருவி கல்லூரியிலேயே இருக்கும். இளநிலை மாணவர் ஆய்வகத்தில், சனிக்கிழமை மதியங்களில், கணக்கில் சேராத வேலையாக அவர் சோதனை செய்துகொள்ளத் தடையில்லை.

வெளியே வந்ததும் முதல்வர், "உங்கள இத்தன வருஷத்துல இப்படிப் பாத்ததில்ல சார்" என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. மதிப்பெண் போடும் என் பொறுப்பை ஜனவரியிலிருந்து வேறொருவருக்குக் கொடுக்கிறார்களாம். அதே அட்டவணையில் எனக்கும் மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு. மாதையனைவிட எட்டு அதிகம். அவனிடம் சொன்னபோது, "பெரிய மனுஷன்யா நீ" என்றான்.

அவன் லேப் சாவியைக் கழற்றிக் கொடுத்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஊர் ஊராகப் போகிறோம். பழைய வழக்கத்தை மாற்ற வேண்டும். சனிக்கிழமை மட்டும் என்றால் பாட்டில்கள் தேங்கத்தான் செய்யும். போன் வராவிட்டால் இனி குடிக்கக் கூடாது. நல்லதென்றாலும் போன் வரும், கெட்டதென்றாலும் போன் வரும்.

பூசாரிக் கொட்டாயில் இதைச் சொன்னபோது, குடம் மாற்றிய அந்தப் பெண்ணின் பெயர் மங்கம்மா என்று தெரிந்தது. என்னைக் காட்டி, "இந்தாளு யாரு, அன்னிக்கும் உன்கூட வந்து மொறச்சிக்கிட்டு நின்னாரே?" என்று கேட்டாள்.

"நம்மாளுதான். கணக்கு வாத்தியார். மொகமே அப்படித்தான்" என்றான் மாதையன்.

"ரெண்டுக்கும் போன் பண்ணணும்னா உனக்கு நேரம் ஏது?"

கெட்ட செய்திக்குத் தான் பேசுவதாகவும், அது தனக்குப் பழகிவிட்டது என்றும் சொன்னான். நல்லதுக்கு இவர் பேசுவார் என்று என் தோளில் கை வைத்தான். என்னிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. மங்கம்மா என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "இவுரா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

என் எண்ணைப் பள்ளிச் சுவரில் சுண்ணாம்பால் எழுதினார்கள்.

ஜனவரி 10, சனி

மூன்று போன். ஒருவர், நல்ல தண்ணீர் என்று நான் சொன்னதை நம்பாமல் மாதையனிடம் கொடு என்றார்.

பூங்கொடி புடவைக்குப் போட வடித்து வைத்த கஞ்சியைக் கவனிக்காமல் கொட்டிவிட்டேன். திட்டு வாங்கினேன்.

ஜனவரி 24, சனி

பூசாரிக் கொட்டாய்ப் பள்ளிக்குக் கிழக்கு மூலையில் வேறு இடம் பார்த்துத் தோண்டிக் கைபம்பை அங்கே மாற்றி வைத்திருந்தார்கள். சகாயமேரி டீச்சர் பாட்டிலைத் தபாலிலோ ஆளிடமோ அனுப்பாமல் தானே வந்து மாதையன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இன்று அதை முதலில் எடுத்தான். அளந்தான். கருவியைக் கழுவி மறுபடி அளந்தான். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, "நீ பண்ணு" என்றான்.

போன் செய்தேன். சனிக்கிழமையானாலும் அங்கே பள்ளி இருந்தது. பின்னால் பிள்ளைகள் சத்தம். தண்ணீர் லேப்பிலிருந்து பேசுகிறோம் என்றேன். லேப் இல்லை, பழக்கத்தில் வந்துவிட்டது. எதிர்முனையில் பேச்சு நின்றது. இத்தனை வருடமாக இங்கிருந்து போன் வந்தால் அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். புது வழக்கம் சொல்லி ஒரு மாதம் ஆகியும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது.

சீக்கிரம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். மாதையன் காலால் என் காலை மிதித்தான்.

"நல்ல தண்ணி டீச்சர்" என்றேன். "குடிக்கலாம்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு யாரிடமோ சொன்னார். அந்த யாரோ இன்னும் யாரிடமோ சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் கைபம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. முதலில் வெறுங்காற்றாக, பிறகு நீரோடு.

மாதையன் அடுத்த பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் போனை வைக்கவில்லை.